கிளறாத பானையில் எடுத்த சோறு

டல்லாஸில் மகன் குடும்பம் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “2020 அதிபர் தேர்தலில், வாக்குப்பதிவு நாளுக்கு முன்னாலேயே டெக்ஸாஸில் விழுந்த ஓட்டு 2016இன் மொத்த ஓட்டைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை பைடன்தான் என்று என் மகன் அடித்துச் சொன்னான். கடைசியில் அங்கே ட்ரம்ப் ஜெயித்தார். அப்படியானால் அந்த எண் பொய்யா?”

எண் பொய்யில்லை. 2016இல் டெக்ஸாஸில் பதிவான ஓட்டு சுமார் 89.7 லட்சம். 2020இல் முன்கூட்டியே விழுந்தது மட்டும் ஏறக்குறைய 97 லட்சம். நாடு முழுக்கப் பார்த்தால், வாக்குப்பதிவு நாளான நவம்பர் 3ஆம் தேதி விடிவதற்குள் 10 கோடிக்கும் மேற்பட்டோர் போட்டு முடித்திருந்தார்கள். கொரோனா பயம், கூட்டத்தில் நிற்க முடியாது, அதனால் தபாலிலோ முன்கூட்டியே நேரில் போயோ போட்டார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. சிக்கல் அந்த எண்ணை நாம் வாசித்த விதத்தில் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். புள்ளியியலின் பாதி இதில் அடங்கிவிட்டது என்பேன். ஆனால் விறகடுப்பில் சமைக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சும்மா மேலே கிடக்கிற சோற்றை எடுக்க மாட்டார்கள். கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்குவார்கள். அந்தக் கிளறலில்தான் விஷயமே இருக்கிறது. கிளறிவிட்டால், கல்யாண வீட்டு அண்டாவாக இருந்தாலும் நாலு பருக்கை போதும். கிளறாமல் மேலாக அரை அண்டாவையே அள்ளினாலும் அடி குழைந்ததா என்று தெரியாது.

முன்கூட்டிய ஓட்டு என்பது கிளறாமல் அள்ளிய சோறு. யார் எப்போது போடுவது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த முடிவுக்கும் கட்சிக்கும் தொடர்பு இல்லாதவரை பெரிய மோசமில்லை. 2020இல் அந்தத் தொடர்பு பிரமாதமாக உருவானது. பைடனின் ஜனநாயகக் கட்சி தன் ஆட்களைத் தபாலில் போடச் சொன்னது. ட்ரம்போ தபால் ஓட்டு என்றாலே மோசடி என்று மாதக்கணக்கில் பேசினார். அவர் ஆட்கள் தேர்தல் நாளுக்காகக் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் புளோரிடாவில் அதுவரை தபாலில் அதிகம் போட்டுவந்தவர்கள் ட்ரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான்!

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 1,000 வாக்காளர்கள், கட்சிக்கு 500 பேர். 2016இல் இரு தரப்பிலும் 200 பேர் முன்கூட்டியே போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 200க்கு 200, சமம். 2020இல் ஒரு தரப்பில் 400 பேர் முன்கூட்டியே போடுகிறார்கள். மறு தரப்பில் அதே 200. இப்போது டிவியைப் போடுங்கள். “முன்கூட்டிய வாக்கு 50 சதவீதம் உயர்வு! இரண்டு மடங்கு முன்னிலை!” தேர்தல் நாளன்று மிச்சமிருப்பவர்கள் வருகிறார்கள், 100க்கு 300. மொத்தம் 500க்கு 500. ஒரே ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஒரு புது வாக்காளர்கூட வரவில்லை. மாறியது நாள் மட்டும்தான். இந்தக் கணக்கை நான் பல பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கடைசி வரியில் அவர்கள் முகத்தில் வருகிற சிரிப்புக்காகவே இன்னும் போடுவேன்.

“ஆனால் அது பத்து கோடி ஓட்டாயிற்றே, சின்ன சாம்பிளா?” என்று கேட்கலாம். ஹார்வர்டின் புள்ளியியல் பேராசிரியர் சியாவ்-லி மெங் 2018இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். கருத்துக்கணிப்பில் பதில் சொல்கிற விருப்பத்துக்கும் அரசியல் சாய்வுக்கும் இடையே 0.005 அளவுக்கு, அதாவது இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குத் தொடர்பு இருந்தால் போதும். 23 லட்சம் பேரிடம் வாங்கிய பதிலின் மதிப்பு, சரியாகக் குலுக்கி எடுத்த 400 பேரின் பதிலுக்கு மேல் தேறாது. நமக்குக் கோடி என்றாலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையைக் குலுக்கலுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, இதே கோளாறு எண்ணும் இரவில் இன்னொரு வேடம் போட்டது. பென்சில்வேனியாவில் சட்டப்படி தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் தபால் உறையைத் தொடக்கூடாது. வந்ததோ 26 லட்சம் உறைகள். வெளி உறையில் பெயரைச் சரிபார்த்து, பிரித்து, உள்ளே இருக்கும் ரகசிய உறையைத் தனியாக எடுத்து, அதையும் பிரித்து, மடிந்த சீட்டை நீவி, அப்புறம்தான் இயந்திரத்துக்குக் கொடுக்க முடியும். உள் உறை இல்லாமல் வந்த சீட்டுகளுக்கு ‘நிர்வாண ஓட்டு’ என்றே பெயர். செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த வேலையெல்லாம் நடப்பதற்குள் நேரில் விழுந்த ஓட்டுகள் எண்ணப்பட்டு, ட்ரம்ப் ஏறக்குறைய 7 லட்சம் முன்னிலை. தபால் ஓட்டில் நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு. கடைசியில் பைடன் 80,555 ஓட்டில் ஜெயித்தார். ஓஹையோவில் தலைகீழ்: அங்கே முன்கூட்டிய ஓட்டுகள் முதலில் வெளிவந்தன, பைடன் முன்னிலை, பிறகு ட்ரம்ப் 8 சதவீதத்தில் வெற்றி. இரண்டு இடத்திலும் ‘திருப்பம்’ எதுவும் நடக்கவில்லை. எந்தக் கட்டு முதலில் பிரிந்தது என்பதுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மைப்போல் நாடு முழுமைக்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் அமெரிக்காவில் கிடையாது. முன்கூட்டிய ஓட்டுக் கணக்கை மாநிலம் மாநிலமாகச் சேர்த்து, தினமும் பொதுவில் வைத்தவர் புளோரிடா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்டொனால்ட். டிவிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அவர் அட்டவணையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி அலுப்பான வேலைக்குக் காசு கொடுக்க எந்த நாட்டிலும் ஆள் கிடைப்பதில்லை. ஜோசியம் சொல்கிறவருக்கு மட்டும் தேர்தல் தோறும் நாற்காலி போடுகிறார்கள். பைடனோடு துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை செய்தவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். கணிப்பு என்று சொல்லி விற்கவில்லை.

இனி டல்லாஸ் மகனுக்கு வருவோம். வேறு பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே அவரவர் கட்சிப் பெயர் இருக்கும்; டெக்ஸாஸில் இருக்காது. ஆகவே அந்த 97 லட்சத்தில் யார் எந்தப் பக்கம் என்பது ஊகம். தேர்தல் நாளன்று வந்தவர்கள் வெறும் 16 லட்சம் பேர்தான். பெரும்பகுதி நாள் மாறிய ஓட்டு. ஆனால் உயர்வும் உண்மை: மொத்தம் 1.13 கோடியைத் தாண்டியது. வாக்குச்சாவடியில் கூட்டம் கூடினால் ஆளுங்கட்சிக்கு ஆபத்து என்று நாமும் இங்கே சொல்வோமே, அதைத்தான் மகனும் நம்பியிருக்கிறார். 2016இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி வாங்கியதைவிட பைடன் சுமார் 13.8 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். ட்ரம்பும் தன் பழைய கணக்கைவிட 12 லட்சம் கூடுதலாக வாங்கினார். புதிதாக வந்தவர்கள் இரண்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள்.