மேலே மூடும் கடிபுண், உள்ளே பழுக்கும் கட்டி

வெளியில் சுற்றித் திரியும் பூனை இரவில் இன்னொரு பூனையுடன் சண்டையிட்டுத் திரும்பினால், மறுநாள் காலையில் அதன் உடலில் பெரும்பாலும் எதுவும் தென்படுவதில்லை. ஓரிடத்தில் முடி கொஞ்சம் பிய்ந்திருக்கும். தடவிப் பார்த்தால் கடுகளவு பொருக்கு ஒன்று விரலில் தட்டுப்படும். மூன்று நான்கு நாட்கள் கழித்துத்தான் அது உணவைத் தொடாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தூக்கப் போனால் சீறும், தொட்ட இடம் சூடாகவும் வீங்கியும் இருக்கும். நாய் கடித்தால் தோல் கிழிந்து கண்ணுக்குத் தெரிவதால் நாம் உடனே பதறுகிறோம். பூனை கடித்த இடமோ விரைவில் மூடிக்கொள்கிறது. கேடு அந்த மூடலில்தான் தொடங்குகிறது.

பூனையின் கோரைப்பல் மெல்லியது, நீண்டது, சற்றே வளைந்தது. சிறு இரையின் கழுத்தெலும்புகளுக்கு இடையே புகுந்து தண்டுவடத்தைச் சிதைக்க ஏற்றதாக அமைந்தது. அதே பல் இன்னொரு பூனையின் உடலில் இறங்கும்போது ஒரு ஊசியைப் போலச் செயல்படுகிறது: தோலில் விழும் துளை மிகச் சிறியது, ஆனால் கடித்த வாயின் எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் தோலடிக் கொழுப்பையும் சில வேளைகளில் தசையையும் தாண்டி ஆழத்தில் இறக்கிவிடப்படுகின்றன. பூனையின் தோல் உடலோடு இறுக ஒட்டியிராமல் தளர்வாக இருப்பதும் இதற்குத் துணைபோகிறது. கடிபட்ட பூனை உதறிக்கொண்டு விலகியதும் தோல் நகர்ந்து தன் பழைய இடத்துக்குத் திரும்ப, மேலே உள்ள துளையும் உள்ளே உள்ள தடமும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. ஓரிரு நாட்களுக்குள் மேல்துளை பொருக்குத் தட்டி அடைந்துவிடுகிறது. உள்ளே போனவை வெளியேற வழியில்லை.

உள்ளே போனவற்றுள் முதன்மையானது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா. நலமாக உள்ள பூனைகளின் வாயிலும் இது இயல்பாகவே வாழ்கிறது. இதனோடு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே செழிக்கும் ஃபியூசோபாக்டீரியம், பாக்டீராய்டஸ் போன்ற இனங்களும் சேர்ந்து நுழைகின்றன. அடைபட்ட குழியில் இரத்த ஓட்டம் குறைவு. அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முதல் வகைக் கிருமிகள் பயன்படுத்தித் தீர்த்துவிட, இரண்டாம் வகைக்கு ஏற்ற சூழல் அமைந்துவிடுகிறது. பூனையின் கட்டி உடையும்போது அறையையே நிறைக்கும் அழுகல் நாற்றம் இந்த ஆக்சிஜன் வேண்டாக் கிருமிகளின் கழிவுகளிலிருந்து வருவதுதான்.

கிருமிகளை எதிர்க்க நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருந்திரளாக வந்து சேர்கின்றன. அவை கிருமிகளை விழுங்குவதோடு, திசுவைக் கரைக்கும் நொதிகளையும் வெளியிட்டுவிட்டு ஒன்றிரண்டு நாட்களில் மடிந்துபோகின்றன. மடிந்த வெள்ளணுக்கள், இறந்தும் இறவாமலும் இருக்கும் கிருமிகள், கரைந்துபோன திசு ஆகியவற்றின் கலவையே சீழ். அது பரவிவிடாதபடி உடல் அதைச் சுற்றி ஃபைப்ரின் என்னும் புரதத்தாலும் புதிய திசுவாலும் ஒரு சுவரை எழுப்புகிறது. உயிரைக் காக்கும் ஏற்பாடுதான் அது. ஆனால் அதே சுவர் மருந்தையும் தடுக்கிறது. இரத்தத்தில் கலந்து வரும் ஆன்டிபயாட்டிக் சுவரைத் தாண்டி உள்ளே போவது குறைவு. போன மருந்தும் சீழின் அமிலத் தன்மையில் வலுவிழக்கக்கூடும். மேலும் பெனிசிலின் வகை மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளைத்தான் நன்றாகக் கொல்லும். முற்றிய கட்டிக்குள் இருக்கும் கிருமிகளோ பெருகும் வேகம் தணிந்து கிடக்கின்றன. கட்டி பழுத்த பிறகு மாத்திரையை மட்டும் நம்பியிருப்பது வீண் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். கடிபட்ட முதல் நாளுக்குள் மருத்துவரிடம் கொண்டுபோனால் நிலைமை வேறு. சுவர் எழும்புமுன் கொடுக்கப்படும் மருந்து கட்டி உருவாவதையே பல வேளைகளில் தடுத்துவிடும்.

கட்டி முற்றும்போது உள்ளழுத்தத்தால் அதன் மேலுள்ள தோலுக்கு இரத்தம் வராமல் போய், தோல் கறுத்து, ஒரு நாள் தானே உடைகிறது. அழுத்தம் நீங்கியதும் வலி குறைந்து காய்ச்சலும் தணிவதால் பூனை அன்று மாலையே சாப்பிட வந்துவிடும். இதைக் கண்டு குணமாகிவிட்டது என்று விட்டுவிடுவது சரியன்று. உடைந்த வாய் சிறியதாக இருந்தால் அதுவும் விரைவில் மூடிக்கொண்டு, எஞ்சிய சீழ் மீண்டும் சேரும்.

மருத்துவர் செய்வது இந்தப் போக்குக்கு நேரெதிரானது. முடியை மழித்து, மயக்க மருந்து கொடுத்து, சீழ் தானாக வடியும்படி கட்டியின் தாழ்வான பகுதியில் கீறி, இறந்த திசுவை நீக்கி, சலைனால் உட்குழியைக் கழுவுகிறார். குழி பெரிதாக இருந்தால் சில நாட்களுக்கு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை வைத்துவிடுவார். அந்த வாயைத் தையல் போட்டு அடைக்காமல் விடுவது பார்ப்பவருக்குக் கவனக்குறைவாகத் தோன்றலாம். குழி அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்பி ஆற வேண்டும் என்பதே நோக்கம். இதன் பிறகு கொடுக்கப்படும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்ற ஆன்டிபயாட்டிக் நன்றாக வேலை செய்யும். டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதப்பட்டிருந்தால் அதை விழுங்க வைத்ததும் சிறிது நீரோ உணவோ கட்டாயம் கொடுக்க வேண்டும், ஏனெனில் உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் தங்கி அதைப் புண்ணாக்கிச் சுருங்கச் செய்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் அவை பயனுள்ளவை. அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த சுத்தமான துணியால் நாள்தோறும் சில முறை துடைத்து, திறந்த வாய் பொருக்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம். மூடிய கட்டியைப் பிதுக்கக் கூடாது. அழுத்தம் சீழைச் சுவருக்கு அப்பால் நல்ல திசுவுக்குள் தள்ளிவிடும். பூனை தன் புண்ணை நக்குவதும் நல்லதன்று. முட்கள் நிறைந்த அதன் நாக்கு புதிய திசுவைச் சுரண்டிவிடுவதால், கழுத்தில் கூம்பு வடிவ வளையம் மாட்டுவது அவசியமாகிறது.

இவற்றைவிட முக்கியமானது, எதைச் செய்யக் கூடாது என்பது. காய்ச்சல் என்றதும் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மனிதக் கல்லீரல் அந்த மருந்தை ஒரு சர்க்கரை மூலக்கூறோடு இணைத்து எளிதாக வெளியேற்றுகிறது. அவ்வாறு இணைக்கும் நொதியின் மரபணு பூனைகளில் செயலிழந்து கிடக்கிறது. வெளியேறாத மருந்து நச்சாக மாறி, இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறுகின்றன. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. டெட்டால் போன்ற ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளையும் அதன் உடல் சரியாகக் கையாள முடியாது. உடம்பில் தடவிய எதையும் பூனை நக்கிவிடும் என்பதால் வெளிப்பூச்சு என்று எதையும் எளிதாக எண்ணிவிட முடியாது. நம் ஊர்களில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால், மாட்டுக்குச் செய்வதுபோல் டர்பன்டைன் ஊற்றும் வழக்கம் உண்டு. பூனைக்கு அது நஞ்சு. புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவதே சரி.

கடி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதும் சில செய்திகளைச் சொல்லும். முகத்திலும் முன்னங்கால்களிலும் விழுந்த கடி, பூனை எதிர்த்து நின்றதைக் காட்டுகிறது. முதுகின் பின்பகுதியிலும் வால் அடியிலும் விழுந்தது, ஓடும்போது பட்டது. கால் மூட்டிலோ விரலிலோ கடி இருந்தால் கிருமி எலும்புக்குப் பரவ வாய்ப்புண்டு. நெஞ்சில் இறங்கிய கடி நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோக்கச் செய்யலாம். மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எச்சிலோடு வைரஸ்களும் வரும். பூனைகளின் நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் பெரும்பாலும் ஆழமான கடி மூலமே பரவுகிறது. 1986இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரின் எச்.ஐ.வி.க்கு உறவானது என்றாலும் மனிதருக்குத் தொற்றாது. இதற்கான இரத்தப் பரிசோதனை, வைரஸை எதிர்த்து உடல் பின்னர் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதால், கடிபட்ட மறுநாளே செய்தால் பயனில்லை. சுமார் 60 நாட்கள் கழித்துச் செய்ய வேண்டும். வெறிநோய்க்கு அவ்வாறு காத்திருக்க இயலாது. கடித்த விலங்கு எது என்று தெரியாதபோது, ஏற்கெனவே தடுப்பூசி போட்ட பூனைக்கும் உடனே மறு ஊசி போடப்படுகிறது. சிகிச்சையின்போது வலியில் அது உங்களைக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் ஒருபுறமிருக்க, அதே பாஸ்டுரெல்லா மனிதக் கையை ஒரே நாளில் சிவந்து வீங்கச் செய்துவிடும்.

இந்தச் சண்டைகளில் பெரும்பங்கு கருத்தடை செய்யப்படாத கடுவன் பூனைகளுடையது. ஆண் ஹார்மோன் அவற்றை எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் அலைய வைக்கிறது. அவற்றின் கன்னத் தோலைத் தடிக்கச் செய்வதும் அதே ஹார்மோன்தான். கருத்தடைக்குப் பின் சில வாரங்களில் அலைச்சலும் சண்டையும் பெரும்பாலான கடுவன்களில் வெகுவாகக் குறைகின்றன. சண்டையை ஏற்கெனவே பழகிவிட்ட சில பூனைகள் அதன் பிறகும் அதைக் கைவிடுவதில்லை. அவற்றை இரவு நேரத்தில் வீட்டுக்குள் அடைத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.