எட்டுத் தூணா, ஆறு தூணா?

பேராதனைப் பூங்காவில் கார்ட்னர் நினைவு மண்டபம் இருக்கிறது. பூங்காவின் பொறுப்பதிகாரியாக இருந்து 1849இல் நுவரெலியாவில் காலமானவருக்காகக் கட்டியது. வட்டமாகத் தூண்கள், மேலே குவிமாடம். எங்கள் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்குவார்கள். நான் தூண் எண்ணப் போவேன்.

பழைய கிரேக்க, ரோமானிய பாணியைப் பின்பற்றும் இப்படியொரு புதுச் செவ்வியல் மண்டபத்துக்குப் பிளான் கீறுகிறவர் முதலில் தூணைக் கீறுவதில்லை. ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு கோடுகளைத்தான் போடுவார். 1800களின் தொடக்கத்தில் பாரிஸில் கட்டடக்கலை ஆசிரியர் டியூராண்ட் தன் மாணவர்களைப் பழக்கியதும் அப்படித்தான்: முதலில் அச்சுக்கோடு, பிறகுதான் சுவரும் தூணும்.

கோடுகள் வெட்டும் புள்ளியில் கவராயத்தை ஊன்றி ஒரு வட்டம். எத்தனை தூண் என்ற கேள்வி இங்கேதான் வரும். ஏழு தூண் போட்டால், வாசல் இடைவெளிக்கு நேர் எதிரே ஒரு தூண் வந்து பார்வையை மறைக்கும். ஆறு போட்டால் முன்னும் பின்னும் திறந்திருக்கும், ஆனால் இடமும் வலமும் தூண் மறிக்கும். எட்டு போட்டால் நாலு பக்கமும் வழி. நாலால் வகுபடும் எண்ணுக்கு மட்டும் கிடைக்கும் வரம் இது. ஆரம்ப வரைபடங்களில் ஒரே வட்டம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். உண்மையில் அது எண்களோடு நடக்கும் பேரம்.

பேரத்தில் கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தூணுக்குத் தூண் கிடக்கும் உத்தரம் தன் பாரத்தாலேயே வளையப் பார்க்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. நீளத்தை இரட்டித்தால் உத்தரத்தை வளைக்கும் விளைவு, அதாவது திருப்புதிறன், நாலு மடங்காகிவிடும். அதனால்தான் பண்டைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தூண் பருமனின் இரண்டேகால் மடங்கு இடைவெளியே நல்லது என்றார். மிக அகலமாக வைத்தால் கல் உதவாது, மரம்தான் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கண்டி அரசவை மண்டபத்துத் தச்சர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கே தூணும் உத்தரமும் மரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரடிப் பருமனுள்ள தூண், இரண்டேகால் அடி இடைவெளி. எட்டுத் தூண் என்றால் வட்டத்தின் விட்டம் சுமார் எட்டரை அடி. பத்துப் பேர் நின்றால் நெரிசல். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டரை அடி. பெரிதாக வேண்டுமா? தூணைக் கூட்டு, இல்லை தடிப்பாக்கு. மூன்றாவது வழி, கல் மாதிரிப் பூசிய கொங்கிறீட். இப்போதைய கலியாண மண்டபங்கள் அந்த வழிதான். ஒல்லித் தூண்கள் எட்ட எட்ட நிற்பதால் கண்ணுக்கு ஏதோ இடிக்கும்.

நுவரெலியாவில் நான் பிளான் கீறிய காலத்தில் இன்னொரு எதிரி, மூடுபனி. ட்ரேசிங் தாள் ஈரத்தைக் குடித்து விரியும். அதுவும் ஒரு பக்கமாகக் கூடுதலாக விரியும். வெயில் நாளில் போட்ட வட்டம் மழை நாளில் மயிரிழை நீள்வட்டமாகி, மேலே விரித்த புதுத் தாளோடு பொருந்தாது. தாளில் அளவுகோலை வைத்து அளக்காதே, எழுதியிருக்கிற எண்ணைப் பார் என்று மூத்தவர் திட்டுவார். நான் கவராயம் குத்திய ஓட்டையை மட்டும் நம்பினேன்.