தாலுகா கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்குவது: நம்பர் தேடுவதிலிருந்து நகல் கைக்கு வரும்வரை

பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தால் தாலுகா ஆபீசில் வரும் முதல் கேள்வி, "கோர்ட்டுல பாகம் பிரிஞ்சதுன்னு சொல்றீங்க, தீர்ப்பு நகல் எங்க?" என்பதுதான். வீட்டில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் அங்கே எடுபடாது. செல்போனில் இறக்கிய பிடிஎஃபும் எடுபடாது. கோர்ட் முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகல் வேண்டும். அதைத் தருவது வழக்கு நடந்த கோர்ட்டின் நகல் பிரிவு. அதற்கான மனுவை வக்கீல் இல்லாமலும் போடலாம். ஆனால் வழக்கு நம்பர் கையில் இல்லாமல் போனால் அரை நாள் வீண்.

நம்பர் என்றால் வெறும் எண் அல்ல. எந்தக் கோர்ட், என்ன வகை வழக்கு, எண், வருஷம், இந்த நான்கும் சேர்ந்ததுதான் நம்பர். ஓ.எஸ். என்றால் சிவில் அசல் வழக்கு, ஏ.எஸ். மேல்முறையீடு, ஈ.பி. நிறைவேற்று மனு, சி.சி. மாஜிஸ்திரேட் கோர்ட் கிரிமினல் வழக்கு, எம்.சி.ஓ.பி. வண்டி விபத்து நஷ்டஈடு. ஓ.எஸ். 45/1994 என்று ஒரே எண் முன்சீப் கோர்ட்டிலும் இருக்கும், சப் கோர்ட்டிலும் இருக்கும். கோர்ட் பெயர் மாறினால் வேறு யாருடைய வழக்கோ வந்து நிற்கும்.

கொஞ்ச வருஷத்துக்குள் நடந்த வழக்கு என்றால் கோர்ட்டுகளின் அரசு இணையதளமான இகோர்ட்ஸிலோ அதன் செயலியிலோ இலவசமாகத் தேடலாம். மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வாதியோ பிரதிவாதியோ, ஒரு கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் கொடுக்க வேண்டும். நிலுவை, முடிந்தது என்று இரண்டு பிரிவு உண்டு. இரண்டிலும் பாருங்கள். சிக்கல் பெயரில்தான் வரும். செல்லத்துரை என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு குமாஸ்தா 'எஸ்' போட்டு ஆரம்பித்திருப்பார், இன்னொருவர் 'சி எச்' போட்டிருப்பார், 'துரை'யை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். முழுப் பெயரை அடித்தால் 'இல்லை' என்றே வரும். நடுவில் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் அடித்துப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லையா, எதிர்க்கட்சி பெயரில் தேடுங்கள். வழக்கு கிடைத்ததும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நாட்டில் வேறு எந்த வழக்குக்கும் இருக்காது. அடுத்த முறை அதை மட்டும் அடித்தால் போதும்.

கணினி வருவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகள் பெரும்பாலும் இதில் கிடைக்காது. எங்கள் தாத்தா காலத்துப் பாக வழக்கு அப்படித்தான். எந்தக் கோர்ட் என்று தெரியும், நம்பர் யாருக்கும் தெரியாது, வக்கீலும் காலமாகிவிட்டார். கடைசியில் அது கிடைத்தது டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் பின்பக்கத்தில். கோர்ட்டில் சான்றாவணமாக ஏற்ற பத்திரத்தில் வழக்கு நம்பர், தாக்கல் செய்தவர் பெயர், தேதி எல்லாம் எழுதி நீதிபதி கையெழுத்தோ சுருக்கொப்பமோ போடவேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. மங்கிய ஊதா முத்திரைக்குள் 'ஓ.எஸ்.' என்று எழுதி, பக்கத்தில் 'ஏ 3' என்று குறி போட்டிருந்தது. வாதியின் மூன்றாவது ஆவணம் என்று அர்த்தம். அதனால் தேடும்போது பத்திரங்களின் முதுகைப் பாருங்கள். பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், கோர்ட் அமீனா கொண்டுவந்த தாள் எதையும் விடாதீர்கள்.

நம்பர் கிடைத்துவிட்டது என்றால் மீதி எளிது. நகல் மனுப் படிவத்தில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர்கள், தீர்ப்புத் தேதி, என்ன நகல் வேண்டும் என்பதை எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவர்கள் மனுவுக்கு ஒரு எண் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். வழக்குக் கட்டை எடுத்துப் பக்கம் எண்ணிய பிறகு, எவ்வளவு கட்டவேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். பணம் கட்டிய பிறகு நகல் தயாராகும். இந்த நோட்டீஸ் போர்டைத் தினமும் பார்க்கிறவர் வக்கீல் குமாஸ்தா. தூரத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் அவரிடம் ஒப்படைப்பது அதனால்தான். அதில் தப்பில்லை. ஸ்டாம்புக்கு எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன நகல் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு. தீர்ப்பில் காரணங்கள் இருக்கும். தீர்ப்பாணை என்கிற டிகிரியில் யாருக்கு என்ன என்பதும் சொத்து விவரமும் இருக்கும். இரண்டையும் கேளுங்கள். பாக வழக்கில் இன்னொரு படி உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை ஆளுக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் சொல்லும். எந்த மூலை யாருக்கு என்பது கோர்ட் நியமிக்கும் கமிஷனர் அளந்து, வரைபடம் போட்டு, அதற்கப்புறம் வரும் இறுதித் தீர்ப்பாணையில்தான் இருக்கும். அதை முத்திரைத்தாளில் எழுதவேண்டும். எங்கள் வழக்கில் மூன்றில் ஒரு பங்கு என்ற முதல்நிலை ஆணையோடு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த முதல்நிலை ஆணையின் நகலை வைத்துக்கொண்டு உட்பிரிவு செய்ய முடியவில்லை.

அடுத்தது, யார் கேட்கலாம் என்பது. வழக்கில் கட்சிக்காரராக இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். குற்றப்பத்திரிகை நகலும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைத்திருக்கிற பாதிக்கப்பட்டவருக்கும் இது உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர், உதாரணமாக நிலம் வாங்கப் போகிறவர், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு நீதிபதியின் அனுமதி பெறவேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் நிலம் வாங்கும்போது இதைச் செய்துதான் ஆகவேண்டும். வழக்கு நடந்துகொண்டிருப்பது வில்லங்கச் சான்றில் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகள், மற்ற பாலியல் குற்ற வழக்குகள், குடும்ப வழக்குகளில் வெளியாட்கள் நகலை எதிர்பார்க்க வேண்டாம்.

"ஆர்.டி.ஐ. போட்டால் பத்து ரூபாயில் வந்துவிடும்" என்று சொல்கிறவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். வராது. கோர்ட்டின் சொந்த விதிகளில் நகல் வாங்க வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது என்று 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாம் நபர் காரணம் சொல்லவேண்டும் என்ற விதியையும் அதே தீர்ப்பு சரி என்றது.

மேல்முறையீடு போடுகிற எண்ணம் இருந்தால் தீர்ப்பு வந்த அன்றைக்கே நகல் மனு போட்டுவிடுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல்முறையீட்டுக் கெடு 30 நாள். நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. மார்ச் 5 தீர்ப்பு, 10-ஆம் தேதி மனு, கேட்ட அன்றே பணம் கட்டி 24-ஆம் தேதி நகல் தயார் என்று வையுங்கள். அந்த 15 நாள் கழியும். ஏப்ரல் 4-இல் முடியவேண்டிய கெடு 19 வரை நீளும். ஆனால் நகல் தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான். ஸ்டாம்ப் கட்டத் தாமதித்த நாட்களும் அப்படியே. மனு போட்டது, பணம் கேட்டது, கட்டியது, தயாரானது, கொடுத்தது என ஐந்து தேதியும் நகலிலேயே எழுதியிருக்கும். வாங்கிய இடத்திலேயே நின்று அவற்றைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் திருத்திக் கேட்பது அங்கேதான் சுலபம்.

சில சமயம் கட்டே இருக்காது. மேல்முறையீட்டுக்காக ஜில்லா கோர்ட்டுக்குப் போயிருக்கும், அல்லது ரெக்கார்ட் ரூமுக்கு மாறியிருக்கும். எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேட்டு, நகல் மனுவை அங்கே போடவேண்டும். செலவுக்கு வழியில்லாதவர்கள் அந்த வளாகத்திலேயே உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவி கிடைக்கும். அதற்கான போன் எண் 15100.