முதல் பூட் ஓடும், இரண்டாவது தொங்கும்: பாஸ்த்ரூ சாதனங்களின் ரீசெட்

கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, நெட்வொர்க் கார்டு போன்ற ஒரு சாதனத்தை ஹோஸ்டிடமிருந்து, அதாவது உண்மையான கணினியிடமிருந்து பிரித்து, அதற்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷினிடம் நேரடியாக ஒப்படைப்பதுதான் பாஸ்த்ரூ. லினக்ஸில் இந்த வேலையை அதன் மையமான கெர்னலில் உள்ள விஎஃப்ஐஓ என்ற பகுதி பார்த்துக்கொள்கிறது. 2012இல் வந்த 3.6 கெர்னலிலிருந்து அது இருக்கிறது. முதல் தடவை மெஷினை ஏற்றும்போது பெரும்பாலும் சிக்கல் வராது. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றும்போதுதான் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது ‘பிசிஐ ஹெடர் வகை 127 தெரியவில்லை’ என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும்.

முதல் தடவை சாதனத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தது கணினியின் பவர் பட்டன். இரண்டாம் தடவை அதே வேலையை மின்சாரத்தை நிறுத்தாமல், சாதனத்தின் ரெஜிஸ்டர்கள் எனப்படும் கட்டுப்பாட்டு இடங்களில் எழுதியே முடிக்க வேண்டும். இதுதான் ரீசெட். அதற்குச் சாதனமும் ஒத்துழைக்க வேண்டும்.

விர்ச்சுவல் மெஷினை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் உள்ளே ஓடிய டிரைவர் ஒரு நொடியில் மறைந்துவிடும். சாதனத்துக்கு அது தெரியாது. நெட்வொர்க் கார்டு, பழைய மெஷின் கொடுத்த நினைவக முகவரிகளில் டிஎம்ஏ மூலம், அதாவது ப்ராசஸரை நாடாமல் நேரடியாக, பாக்கெட்டுகளை எழுதக் காத்துக்கொண்டிருக்கும். சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு குறுக்கே நிற்பதால் ஹோஸ்டின் நினைவகத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அடுத்த மெஷினுக்கும் அதே எண்களில்தான் முகவரிகள் ஒதுக்கப்படும். ரீசெட் நடக்காவிட்டால் பழைய பாக்கெட் புதிய மெஷினின் நினைவகத்தில் போய் விழலாம். அதனால்தான் விஎஃப்ஐஓ சாதனத்தைத் திறக்கும்போதும் மூடும்போதும் ரீசெட்டுக்கு முயல்கிறது. ரீசெட்டில் முகவரி ரெஜிஸ்டர்கள் அழிந்துபோகும் என்பதால், கெர்னல் முன்கூட்டியே சாதனத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் பகுதியைப் படித்துச் சேமித்து, ரீசெட் முடிந்ததும் திரும்ப எழுதுகிறது.

ரீசெட் முறைகளில் சிறந்தது ஃபங்ஷன் லெவல் ரீசெட், சுருக்கமாக எஃப்எல்ஆர். ஒரு கார்டில் தனித்தனிச் சாதனங்களாகத் தெரியும் பல ஃபங்ஷன்கள் இருந்தாலும் கேட்ட ஒன்றை மட்டும் இது தொடும். கெர்னல் முதலில் நிலுவையில் உள்ள பரிமாற்றங்கள் முடியும்வரை காத்திருக்கும். பிறகு டிவைஸ் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 15ஆம் பிட்டில் 1 எழுதி, 100 மில்லி விநாடி சாதனத்தைத் தொடாமல் விடும். முந்தைய பயன்பாட்டின் ரகசியத் தகவல் எதுவும் மென்பொருளால் படிக்கக்கூடிய நிலையில் மிஞ்சக்கூடாது என்றும், இந்தச் சாதனங்கள் கணினியோடு இணையும் முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் விதி சொல்கிறது. ஆனால் இது டிஸ்கில் உள்ள தரவை அழிக்காது. என்விஎம்இ எஸ்எஸ்டியை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பவர்கள் தரவழிப்பைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

எஃப்எல்ஆர் இல்லாத சாதனத்துக்கு இன்னொரு வழி, பவர் மேனேஜ்மென்ட் நிலையை முழுதாக இயங்கும் டி0விலிருந்து உறக்க நிலையான டி3ஹாட்டுக்குத் தள்ளித் திரும்பக் கொண்டுவருவது. ‘நோ சாஃப்ட் ரீசெட்’ என்ற பிட் 0 ஆக இருந்தால், திரும்பி வரும்போது சாதனம் தன்னை ரீசெட் செய்துகொள்ளும் என்று பொருள். இந்த வாக்குறுதியை நம்பி ஏமாறலாம். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுகள் சில இந்த பிட்டை 0 என்றே காட்டும். டி3க்குப் போய்வந்த பிறகும் திரையில் பழைய படம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அந்த நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு இந்த வழியைப் பயன்படுத்தக்கூடாது என்று கெர்னலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கடைசி வழி பஸ் ரீசெட். சாதனங்கள் இணைந்திருக்கும் பாதைதான் பஸ். அதைக் கணினியோடு இணைக்கும், சாதனத்துக்கு மேலே இருக்கும் பிரிட்ஜின் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் 6ஆம் பிட்டை ஏற்றி, 2 மில்லி விநாடி வைத்திருந்து இறக்க வேண்டும். இது ஒரு வீட்டின் ஃபியூஸைப் பிடுங்காமல் டிரான்ஸ்ஃபார்மரில் தெருவையே அணைப்பது மாதிரி. அந்த பஸ்ஸில் இருக்கும் எல்லாமே ரீசெட் ஆகிவிடும். உதாரணமாக, ஒரு கிராபிக்ஸ் கார்டில் 01:00.0 என்ற முகவரியில் உள்ள ஃபங்ஷன் படத்துக்கு, 01:00.1 எச்டிஎம்ஐ ஒலிக்கு. படத்தை மட்டும் மெஷினுக்குக் கொடுத்து ஒலியை ஹோஸ்டிலேயே வைத்திருந்தால் பஸ் ரீசெட்டைக் கெர்னல் அனுமதிக்காது. பாதிக்கப்படும் எல்லாச் சாதனங்களும் ஒரே பயனரின் கையில் இருக்கின்றன என்று நிரூபித்தால்தான் விஎஃப்ஐஓ ஒப்புக்கொள்ளும். புதிய கார்டுகளில் யுஎஸ்பி-சிக்காக மேலும் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் நான்கையும் சேர்த்தே கொடுங்கள். பாதியைக் கொடுத்துவிட்டு ரீசெட் வேலை செய்யவில்லை என்று தேடுவது வீண் உழைப்பு.

பஸ் ரீசெட்டும் பவரை அணைத்துப் போடுவதும் ஒன்றல்ல. கணினியை ஏற்றும்போது ஸ்லாட்டில் உள்ள தனிக் கம்பி ஒன்று சாதனத்தை அடிப்படை ரீசெட்டில் பிடித்து வைத்திருக்கும். பிட்டை ஏற்றிச் செய்யும் ரீசெட்டோ தரவு போகும் அதே லேன்களில் அனுப்பப்படும் ஒரு செய்திதான். அதைக் கேட்டதும் சிப்பின் எந்தப் பகுதிகள் தொடக்க நிலைக்குப் போகும் என்பது சிப்பை வடிவமைத்தவர்களின் கையில் இருக்கிறது. பெயர்போன ஏஎம்டி ரீசெட் கோளாறு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. போலாரிஸ், வேகா, நவி 10 வரிசைகளில் பஸ் வெளியிலிருந்து பார்க்கச் சரியாக எழும்பும். உள்ளே இருக்கும் நுண்கட்டுப்படுத்திகள் பழைய நிலையிலேயே சிக்கி நிற்கும். இவற்றுக்காக ‘வெண்டர்-ரீசெட்’ என்ற கெர்னல் மாட்யூல் எழுதப்பட்டது. கார்டின் உள்ளே இருக்கும் ரீசெட் வழிகளை அந்தந்தச் சிப்புக்கேற்ப அது இயக்குகிறது. 5.15 கெர்னலுக்குப் பிறகு மாட்யூலை ஏற்றினால் மட்டும் போதாது. சாதனத்துக்காகக் கெர்னல் காட்டும் ‘ரீசெட்_மெத்தட்’ கோப்பில் ‘டிவைஸ்_ஸ்பெசிஃபிக்’ என்று எழுதினால்தான் அது வேலைக்கு வரும்.

எஃப்எல்ஆர் உண்டு என்று அறிவிக்கும் சாதனங்களும் சறுக்கும். சாம்சங் எஸ்எம்961 எஸ்எஸ்டி சில வேளை எஃப்எல்ஆருக்குப் பிறகு செத்த நிலைக்குப் போய்விடும். கன்ட்ரோலரை முதலில் முறையாக நிறுத்திவிட்டுச் செய்தால் பிழைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் மட்டீஸ் ப்ராசஸர் தளத்தின் ஒலி, யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் எஃப்எல்ஆர் கொடுத்ததும் தொங்கிவிடும் என்பதால், புதிய கெர்னல்கள் அவற்றில் அதைத் தொடுவதே இல்லை. சில ஏத்ரோஸ் வைஃபை சிப்களுக்கோ பஸ் ரீசெட்தான் நஞ்சு. கொடுத்தால் கணினியை அணைத்துப் போடும்வரை திரும்பி வராது.

ஹெடர் வகை 127 எங்கிருந்து வருகிறது என்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். பதில் சொல்லாத சாதனத்திடமிருந்து படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகவே கிடைக்கும். ஹெடர் வகையைக் குறிக்கும் 7 பிட்டுகளும் 1 என்றால் 127. இதே நிலையை, சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை ‘ரெவ் எஃப்எஃப்’ என்று காட்டும். ஆகவே இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு மெஷினின் அமைப்புகள் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பை நோண்டிப் பயனில்லை. சாதனம் பஸ்ஸில் இல்லவே இல்லை. கெர்னல் பதிவுகளில் சாதனத்துக்காகக் காத்திருந்த நேரம் 1023, 2047, 4095 மில்லி விநாடி என இரட்டித்துக்கொண்டே போய், 65535இல் ‘கைவிடுகிறேன்’ என்ற வரி இருந்தால் அதுவே மரணச் சான்று.

அந்த நிலையிலிருந்து மீட்க, மெஷினை நிறுத்திவிட்டு, கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் கார்டின் எல்லா ஃபங்ஷன்களின் ‘ரிமூவ்’ கோப்பிலும் 1 எழுதுங்கள். பிறகு ‘ஆர்டிசிவேக்’ கட்டளையால் ஹோஸ்டை ஐந்து விநாடி உறங்கவைத்து எழுப்பி, பஸ்ஸின் ‘ரீஸ்கேன்’ கோப்பில் 1 எழுதுங்கள். உறக்கத்தில் ஸ்லாட்டின் முக்கிய மின்சாரம் நின்றுவிடுவதால் பல கார்டுகள் இதில் மீண்டுவிடும். அதே ஹோஸ்டில் வேறு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தால் அவையும் உறையும். சர்வரில் இதைச் செய்யாதீர்கள்.

கார்டை நம்பி வேலையை ஒப்படைக்கும் முன்பே சோதித்துவிடுவது நல்லது. ரூட் அனுமதியோடு எல்எஸ்பிசிஐயை ‘-vv’ கொடுத்து ஓட்டி, ‘எஃப்எல்ரீசெட்’ என்பதன் அருகில் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் அடைவில் ‘ரீசெட்’ என்ற கோப்பே இல்லையென்றால், அதைத் தனியாக ரீசெட் செய்யக் கெர்னலுக்கு எந்த வழியும் தெரியாது. 5.15க்கு மேற்பட்ட கெர்னலில் ‘ரீசெட்_மெத்தட்’ கோப்பைப் படித்தால் என்னென்ன வழிகள், எந்த வரிசையில் முயலப்படும் என்று தெரியும். வேண்டியதை மட்டும் எழுதி வரிசையை மாற்றவும் முடியும். இதற்குப் பிறகு மெஷினை ஏற்றி, கிராபிக்ஸ் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷினை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ‘விர்ஷ் டிஸ்ட்ராய்’ கட்டளையைக் கொடுத்து அறுத்துவிட்டு உடனே மறுபடி ஏற்றிப் பாருங்கள். முறையாக அணைத்தால் உள்ளே இருக்கும் டிரைவரே கார்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகும். அதனால் கோளாறு மறைந்திருக்கும். அறுத்த பிறகும் ஒவ்வொரு முறையும் திரை வந்தால்தான் அந்தக் கார்டின் ரீசெட் உண்மையில் வேலை செய்கிறது.