‘அறிவிச்சாச்சு’ என்றால், எந்தத் தாளில்?

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கரையில் எந்தக் கூட்டம் போட்டாலும் ஆள் சேரும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், மிச்ச நேரம் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரும் பெரும்பாலும் அதையொட்டித்தான் முடியும். ‘சட்டமன்றத்தில் நம்ம ஊருக்காக என்ன பேசினேன், என்ன கொண்டுவந்தேன்’ என்று சொல்ல எம்.எல்.ஏ. வருவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எந்த ஊர், எந்த வருடம், எந்தக் கட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் நான்கு தொகுதிகள். பரமக்குடியை விட்டால் திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் மூன்றுக்கும் கடல் உண்டு. அந்த மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் மணி நேரம் பேசினார். துறைமுகம், தூண்டில் வளைவு (கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவர்), ஏலக்கூடம், நிவாரணத் தொகை, கச்சத்தீவுத் தீர்மானம், ஹைமாஸ் விளக்கு. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறு காரியமும் வெவ்வேறு நிலையில் இருந்தன. ஒன்று பேச்சு, ஒன்று பதில், ஒன்று அறிவிப்பு, ஒன்று ஏற்கெனவே கையில் வந்த பணம். எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்தது ஒரே வினைச்சொல்: ‘கொண்டுவந்திருக்கோம்.’ கைதட்டலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான்.

நான் ராமநாதபுரத்தில் வழக்கறிஞர். பிழைப்பு சிவில் வழக்குதான் என்றாலும், கரையோர ஊர்க்காரன் என்பதால் மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். முன்பெல்லாம் பேப்பர் கட்டிங்கோடு வருவார்கள், இப்போது வாட்ஸ்அப் படத்தோடு. ‘சட்டசபையிலேயே அறிவிச்சாச்சு சார், ஆபீஸ்ல கேட்டா தெரியாதுங்கிறாங்க’ என்பார்கள். பெரும்பாலும் ஆபீஸில் சொல்வது உண்மையாகவே இருக்கும். அங்கே இன்னும் ஒரு தாளும் வந்திருக்காது.

நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். எஞ்சினுக்கு மானியம் என்று அறிவிப்பு வந்ததும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் புது எஞ்சின் போட்டுவிட்டார். அரசாணை வந்தது ஏழு மாதம் கழித்து. விண்ணப்பித்து, ஒப்புதல் வாங்கி, அப்புறம் வாங்கிய எஞ்சினுக்குத்தான் மானியம் என்று அதில் இருந்தது. இவருடைய பில் தேதியோ அதற்கு முந்தியது. நானும் இரண்டு மனு எழுதிப் பார்த்தேன், பலிக்கவில்லை. முன்பணம் வாங்கினால் மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, ஒரு விஷயம் சட்டமன்றத்தில் என்னென்ன உருவத்தில் வரும்?

உறுப்பினர் எழுந்து பேசுவது ஒன்று. கவர்னர் உரை மீதான விவாதம், பட்ஜெட் விவாதம், மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது) விவாதம், நேரமில்லா நேரம் என்று அதற்குப் பல இடங்கள் உண்டு. அவசரமான பொதுப் பிரச்சினை என்றால் விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு. பேசியது அவைக்குறிப்பில் ஏறும். அதனால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நம் ஆள் கேட்கிறார், வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது அதற்கடுத்த ஒரு நிமிடத்தில் இருக்கும்.

அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். கேள்வி நேரத்தை 2022 ஜனவரி முதல் நேரலையாகவே காட்டுகிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதில்களுக்கென்று தனியாக ஒரு தமிழ் உண்டு. ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்றால் இந்த வருடம் இல்லை. ‘ஆவன செய்யப்படும்’ என்றால் கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று பொருள். ‘மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது’ என்பது கொஞ்சம் தேவலை, ஒரு பொறியாளர் மேசையில் உங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கோப்பு இருக்கிறது. ‘கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்றால் அந்தக் கோப்பு சென்னைக்குப் போய்விட்டது. இதில் ஒன்றுகூட ‘கட்டப்படும்’ இல்லை. இது இத்தனை வருடம் மனு எழுதியதில் நானாகச் சேர்த்த அகராதி, அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது.

தூண்டில் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் ஊருக்குள் ஏறும் எந்தக் கிராமத்திலும் முதல் கோரிக்கை அதுதான். ‘எம்.எல்.ஏ. கேட்டுட்டார், அமைச்சர் சரின்னுட்டார்’ என்று ஊரே நம்பியிருக்கும். கரையில் கல்லைக் கொட்டுவதற்கு முன்னால் நீரோட்டம், மணல் நகர்வு பற்றிய ஆய்வு வேண்டும், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். இங்கே கல் போட்டால் பக்கத்து ஊரில் கரை அரிக்கும் என்பதால் வைத்த கட்டுப்பாடு அது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே ‘சரி’ என்று அவையில் சொன்ன நாளிலிருந்து முதல் கல் விழும் நாள் வரை எத்தனை மேசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது அறிவிப்பு. இதில்தான் குழப்பம் அதிகம். நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் சொல்லலாம். மீன்வளத்துக்கு மானியக் கோரிக்கை எண் 7, அந்த விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது துறை அமைச்சர் புது அறிவிப்புகளை வாசிக்கலாம். அல்லது முதலமைச்சர் விதி 110-ன் கீழ் அறிக்கை படிக்கலாம். அதன் மேல் விவாதம் கிடையாது, படித்தால் படித்ததுதான். 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி, புதிய பாம்பன் பாலம் திறந்த மறுநாள், முதலமைச்சர் அவையில் மீனவர்களுக்காகச் சுமார் 576 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். அதில் 360 கோடி தங்கச்சிமடம், குந்துகால், பாம்பன் துறைமுகப் பணிகளுக்கு. பெரிய தொகைதான். ஆனால் அன்று அது அறிவிப்பு. அதற்கு மேல் நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று ஒவ்வொன்றும் தனித் தாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு தேதி உண்டு. ‘துறைமுகம் வந்திருச்சு’ என்று யாராவது சொன்னால் இதில் எந்தத் தாள் வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

அறிவிப்பெல்லாம் காற்றில் போகும் என்று நான் சொல்லவில்லை. பாக் நீரிணையில் ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, பாதுகாப்பகம் என்று 2021 செப்டம்பரில் அவையில் அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்கு அது அரசிதழில் ஏறியது 2022 செப்டம்பரில். ஒரு வருடம். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று முதலமைச்சர் சொன்னது 2023 ஆகஸ்ட் 18, மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டு மேடையில். கைக்கு வந்தது அடுத்த வருடத் தடைக்காலத்துக்குத்தான். இந்த இடைவெளியைக் கணக்கில் வைக்காமல் வட்டிக்கு வாங்குகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை.

மசோதாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாள்களில் வரிசையாக நிறைவேறும். கவர்னர் ஒப்புதல் இல்லாமல் அது சட்டம் ஆகாது. பத்து மசோதாக்கள் கிடப்பில் கிடந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். நம் தொழிலை நேரடியாகத் தொடுவது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் கீழ் உள்ள விதிகளும். சட்டத்தைத் திருத்தாமலே விதிகளை மாற்றலாம். எந்த வலை, எவ்வளவு தூரம், எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் விதியில்தான் வரும். அரசிதழில் வந்து, அவையின் மேசையில் வைக்கப்படும் ஏடுகளில் ஒன்றாகப் போய்விடும். எந்த எம்.எல்.ஏ.வும் அதை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

கச்சத்தீவுக்கு வருவோம். கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது அதுதான். இலங்கையோடு ஒப்பந்தங்கள் 1974-லும் 1976-லும். தீவை மீட்க வேண்டும் என்று 1991-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி மறுபடியும், ஒருமனதாக. சட்டமன்றத் தீர்மானம் என்பது ஒன்றிய அரசுக்கு விடுக்கும் கோரிக்கை. வெளியுறவும் வெளிநாட்டு ஒப்பந்தமும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஆட்சிக்கடலை, அதாவது கரையையொட்டி நாட்டின் எல்லைக்குள் வரும் கடலை, தாண்டிய மீன்பிடிப்பு அதே ஒன்றியப் பட்டியலில்தான். தீர்மானம் வேண்டாம் என்பதில்லை. எல்லாக் கட்சியும் ஒரு பக்கம் நிற்பதற்கு ஒரு கனம் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சிறையில் மகன் இருக்கிற தாய் எம்.எல்.ஏ. வாசலில் காத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுதலைக்கு எம்.பி. வழியாக வெளியுறவு அமைச்சகத்தைத்தான் பிடிக்க வேண்டும். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது வேறு: சிறையில் இருக்கும் நாள்களுக்குக் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் தினப்படி வந்ததா, பிடிபட்ட படகுக்கு நிவாரணம் என்ன ஆயிற்று. அது மாநிலத்தின் பணம், அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹைமாஸ் விளக்குக்கும் கூட்டத்தொடருக்கும் சம்பந்தமே இல்லை. அது பெரும்பாலும் தொகுதி மேம்பாட்டு நிதி. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் வருடத்துக்கு 3 கோடி, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லை. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் ஒப்புதல் தருவார். வாதாடி வாங்கி வந்ததாகச் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். எந்த ஊருக்கு எவ்வளவு போயிற்று என்ற பட்டியலைக் கேட்பது இன்னும் நல்லது.

அன்றைய கூட்டத்துக்கே திரும்புகிறேன். பேச்சு முடிந்து மாலை போட ஆள்கள் எழுந்தபோது, கருவாடு போடும் ஓர் அக்கா முன்னால் வந்து நின்றார். வயது அறுபதுக்கு மேல்.

“தம்பி, ஏலக்கூடத்துக்குப் பணம் வந்திருக்கா, பேச்சு வந்திருக்கா?”

கூட்டம் சிரித்தது. எம்.எல்.ஏ. சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. உதவியாளரைப் பார்த்தார். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “அறிவிப்பு வந்திருக்கும்மா. ஜி.ஓ. இன்னும் வரல” என்றார். ஜி.ஓ. என்றால் அரசாணை.

“அறிவிச்ச தேதியச் சொல்லுங்க” என்று அக்கா பேத்தியின் நோட்டை நீட்டினார். உதவியாளர் எழுதிக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் கிடைத்த உருப்படியான தகவல் அந்த ஒரு வரிதான்.

தேதி இருந்தால் மேற்கொண்டு போகலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். தலைமைச் செயலகத்தில் அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். இன்ன தேதியில் அவையில் அறிவித்த இன்ன பணிக்கு அரசாணை வெளியாகியிருக்கிறதா, எண்ணும் நகலும் தருக, எந்த நிதியாண்டில் எவ்வளவு ஒதுக்கீடு, அவ்வளவுதான் கேள்வி. ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள். கோப்பில் இருக்கிறதைத்தான் அவர்கள் தர வேண்டும், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்குக் கிடையாது. கோபத்தில் எழுதிய மனுக்கள் அந்த ஒரு வார்த்தையால் திரும்பி வந்திருக்கின்றன.

சட்டமன்றத்திலேயே இரண்டு கதவுகள் இருக்கின்றன, நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அவையில் அமைச்சர்கள் தந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு. பொதுமக்களிடம் நேரடியாக மனு வாங்க மனுக்கள் குழு. இரண்டும் மாவட்டங்களுக்கு வரும். மனுக்கள் குழு வருவதற்கு முன் பத்திரிகையில் செய்தி வரும், பேரவைச் செயலாளருக்கு ஐந்து நகல் அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரு துறை, ஒரு பிரச்சினை மட்டும். பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, வேலை, கடன், ஓய்வூதியம், கோர்ட்டில் நடக்கும் வழக்கு எதுவும் கூடாது. ஒரே தாளில் ஊர்க் குறை முழுவதும் எழுதி, கடைசியில் தம்பிக்கு வேலையும் கேட்கிற வழக்கம் இங்கே உண்டு. அந்த மனு எடுத்த எடுப்பிலேயே ஓரம் போய்விடும்.

அக்காவுக்குத் தகவல் உரிமை மனு நான்தான் எழுதினேன். கையெழுத்தை அவரே போட்டார், தபாலிலும் அவரே அனுப்பினார், ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். பதில் தர 30 நாள். இன்றோடு 19 ஆகிறது. காலையில் போன் செய்தார், “தபால்காரர் இன்னைக்கும் வெறுங்கையோடதான் போறாரு சார்” என்றார்.