படிவத்தை அச்சடிக்கும் முன் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்

கடந்த மாதம் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய் எடுத்த சர்வே. "கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டோம். நீங்கள் அட்டவணை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்" என்றார்கள். முதல் கட்டைப் பிரித்ததுமே பன்னிரண்டாவது கேள்வி கண்ணில் பட்டது.

"உங்கள் கிராமத்தில் குடிநீர் மற்றும் சாலை வசதி திருப்திகரமாக உள்ளதா? ஆம் / ஓரளவு / இல்லை."

அடுத்தடுத்த படிவங்களைப் புரட்டினேன். ஓரளவு, ஓரளவு, ஓரளவு. சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு இதுதான் வேலை. படிவம் தயாரிக்கிறேன், கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், வந்த பதில்களைச் சரிபார்க்கிறேன். இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது பெட்டி இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

பத்தில் ஒரு வீட்டுக்காவது திரும்பப் போய்ப் பார்க்காமல் நான் அட்டவணை போடுவதில்லை. படிவத்தை நிரப்பிய பெண்ணையே அழைத்துக்கொண்டு மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து, ஏற்காட்டைத் தாண்டி, ஜீப் நின்றுவிட்ட இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியை எழுத்து மாறாமல் வாசிக்கச் சொன்னேன். பாட்டி முறத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணீர் வாசலுக்கே குழாயில் வருகிறது கண்ணு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ரோடு எங்கே இருக்கிறது? மருமகளைப் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ இதில் எதை எழுதப் போகிறாய்?"

அந்தப் பெண் முதல் முறை வந்தபோது "ஓரளவு" என்று எழுதியிருந்தாள். அவள் மேல் தவறே இல்லை. தண்ணீருக்கு "ஆம்", சாலைக்கு "இல்லை", இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போடு என்றால் அவள் வேறென்ன செய்வாள்? டோலியில் போன மருமகள் "ஓரளவு" என்ற சொல்லுக்குள் மறைந்து போனாள். அந்தக் கிராமத்துக்குச் சாலை கேட்டு யாராவது மனு எழுதினால், "சர்வேயில் மக்கள் ஓரளவு திருப்தி என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்" என்று இதே படிவத்தை எடுத்துக் காட்டலாம்.

இதைச் சொன்னபோது அந்த நிறுவனத்தார் தந்த பதில்தான் எனக்கு உண்மையான கோபத்தை வரவழைத்தது. "நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறோமே, மொத்தத்தில் பார்த்தால் சரியாகிவிடாதா?"

ஆகாது. எத்தனை பேரிடம் கேட்டாலும் ஆகாது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், ஆய்வு மாணவர்கள் எல்லோரும் இதையே சொல்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் ஒரு தராசு கிலோவுக்குப் பத்து கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருமுறை நிறுத்தால் பத்து கிராம் நட்டம். ஆயிரம் முறை நிறுத்தால் பத்து கிலோ நட்டம். நிறுக்க நிறுக்கத் தராசு திருந்துவதில்லை. நிறுப்பவரின் கை நடுக்கத்தால் வரும் பிழை வேறு. அது ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும், பலமுறை நிறுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை குணமாக்குவது இந்த நடுக்கத்தை மட்டும்தான். கேள்வியின் கோணல் தராசின் கோணல். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பக்கம்தான் சாயும். பதில்கள் பெருகப் பெருக, தவறான முடிவின் மேல் நமக்கு நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வாங்கியது. ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைத் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து எடுத்ததும், அக்கறை உள்ளவர்கள் மட்டும் பதில் அனுப்பியதும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன. அதைவிட மிகக் குறைந்த பேரிடம் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், வெற்றி யாருக்கு என்பதைச் சரியாகச் சொன்னார். அங்கே கோணல் "யாரிடம் கேட்டார்கள்" என்பதில் இருந்தது. நம் படிவங்களில் "எப்படிக் கேட்கிறோம்" என்பதில் இருக்கிறது. இரண்டுக்குமே எண்ணிக்கை மருந்தில்லை.

எப்படிக் கேட்கிறோம் என்பதற்குத் தனிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்ற கருத்துக்கணிப்பு ஆய்வாளர் 1941இல் வெளியிட்ட ஒப்பீடு அது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா" என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். "தடை செய்ய வேண்டுமா" என்று இன்னொரு பிரிவினரிடம் கேட்டார்கள். தடை செய்யலாம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே? பொருள் ஒன்றுதான், ஆனால் "தடை" என்ற சொல் காதில் கடுமையாக விழுகிறது. ஒரே ஒரு சொல்லில் பதினாறு சதவீதம் போய்விட்டது.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கியது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வளர்த்தெடுத்த அமைப்பு, உலகமே பாராட்டிய வேலை. அதன் 1999-2000 சுற்றில் உணவுச் செலவைக் கடந்த 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்கும் சேர்த்து ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஏழு நாள் கணக்கைச் சொன்னவர் அதற்குப் பொருந்துகிற மாதிரியே முப்பது நாள் கணக்கையும் சொல்வார் அல்லவா? ஏழு நாளுக்குக் கேட்டால் செலவு பொதுவாகக் கூடுதலாகவே வரும். அதற்கேற்ப முப்பது நாள் கணக்கும் ஏறினால், வறுமை குறைந்ததுபோலத் தெரியும். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கியதாகக் கணக்கு வந்தது. அதில் உண்மையாகக் குறைந்தது எவ்வளவு, படிவம் மாறியதால் குறைந்தது எவ்வளவு என்று பொருளியல் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கைதேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரே இரவில் தட்டச்சு செய்து மறுநாள் காலையில் நகலெடுக்கும் படிவத்தின் கதியை நினைத்துப் பாருங்கள்.

இனி, என் மேசையில் திரும்பத் திரும்ப வந்து விழும் கோளாறுகள்.

இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்கும் இரட்டைக் கேள்வியைப் பார்த்துவிட்டோம். அதைப் பிடிக்க எளிய வழி, சிவப்புப் பேனாவை எடுத்து "மற்றும்", "அல்லது", "உம்" வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுவது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நீங்கள் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கேள்வியை இரண்டாக வெட்டுங்கள்.

எதிர்மறைக் கேள்வி அதைவிட ஆபத்து. "நீங்கள் ரேஷன் அரிசி வாங்குவதில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். வாங்காத ஒருவர் "ஆமாம்" என்பார், ஆமாம், வாங்குவதில்லை என்ற பொருளில். வாங்காத இன்னொருவர் "இல்லை" என்பார், இல்லை, வாங்குவதில்லை என்ற பொருளில். நம் மொழியில் இரண்டும் சரி. படிவத்தில் இரண்டும் எதிரெதிர்க் கட்டங்கள். 1992இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டது நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமில்லையா என்று இரண்டு மறுப்புகளைப் பின்னிக் கேட்டார்கள். 22 சதவீதம் பேர் "சாத்தியம்" என்றதாக முடிவு வந்து நாடே அதிர்ந்தது. 1994இல் கேள்வியை நேராக்கிக் கேட்டபோது அது ஒரு சதவீதமாகிவிட்டது. மக்கள் மாறவில்லை, வாக்கியம் மாறியது. எதிர்மறையில் கேள்வி எழுதாதீர்கள். விதிவிலக்கே வேண்டாம்.

அடுத்தது வருமானம். "மாத வருமானம்: 10,000 வரை / 10,000–20,000 / 20,000–30,000." சரியாக இருபதாயிரம் வாங்குபவர் எந்தக் கட்டத்தில் போவார்? இதைக்கூடவா நான் சொல்ல வேண்டும்? ஆனால் இதைவிடப் பெரிய தவறு "மாத" என்ற சொல்லில் இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் கூலி எடைக்கணக்கு. சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளை ஊரின் தறிக்காரருக்கு நெய்த சேலைக்கணக்கு. காபித் தோட்டத்தில் நாள்கணக்கு, அதுவும் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் வேறு மாதிரி. இவர்களில் யாரும் மாத வருமானம் என்று ஒன்றை மனத்தில் வைத்திருப்பதில்லை. கேட்டால் மரியாதைக்கு ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். அவரவர் கூலி வாங்கும் கணக்கிலேயே கேளுங்கள், பெருக்குவது உங்கள் வேலை. மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு, வருமானம் என்றாலே "எதை எழுதினால் எனக்கு நல்லது?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பில்லை என்பதை முதல் பக்கத்திலேயே பேச்சு நடையில் சொல்லிவிட வேண்டும்.

புரியாத மொழி இன்னொன்று. "கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை துரித உணவை உட்கொண்டீர்கள்?" என்று ஒரு கல்லூரிப் படிவம். நிரப்பிக்கொண்டிருந்த மாணவன் கையைத் தூக்கி, "ஐயா, தட்டுவடை செட் இதில் வருமா?" என்று கேட்டான். தட்டுவடைகளுக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தெருவோரத் தின்பண்டம் அது. கேட்டவன் ஒருவன். கேட்காமல் அவரவர் இஷ்டத்துக்கு எழுதியவர்கள் அந்த வகுப்பில் எத்தனை பேரோ! சேலத்தில் மாலை நேரத்தில் இளைஞர்கள் எதைத் தின்கிறார்கள் என்று அறியத்தான் அந்த ஆய்வே. தட்டுவடை செட்டைப் பெயர் சொல்லிக் கேட்காமல் அதை எப்படி அறிவது?

பதிலை நாமே எடுத்துக்கொடுப்பது போலச் சாய்த்துக் கேட்பது, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் வீட்டுச் சண்டையைக் கேட்பது, "தெரியாது" என்ற கட்டமே வைக்காமல் விடுவது, இவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். தெரிந்தே செய்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளிலேயே "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவது கட்டம் இருக்கிறது. மலையில் இருக்கும் பாட்டிக்கு அந்த உரிமை வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல், ஏனெனில் கொள்குறி வினாவும் இதே குடும்பம்தான். "ஏற்காடு எந்த மலையில் உள்ளது? இமயமலை, ஆல்ப்ஸ், ஆண்டிஸ், சேர்வராயன் மலை." இது வினா அல்ல, மதிப்பெண் தானம். கல்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்வராயனை வையுங்கள். அப்போதுதான் படித்தவன் யார் என்று தெரியும். தவறான விடைகள் மூன்றும், அரைகுறையாகப் படித்தவன் உண்மையிலேயே நம்பக்கூடியவையாக இருக்க வேண்டும். அப்படி மூன்று கிடைக்கவில்லையா, இரண்டோடு நிறுத்துங்கள். நான்காவதை இட்டு நிரப்பாதீர்கள்.

இன்னொரு வினா: "மேட்டூர் அணை கட்டப்பட்ட ஆண்டு எது?" விடைகளில் 1925ம் இருந்தது, 1934ம் இருந்தது. வேலை தொடங்கியது 1925, முடிந்தது 1934. நன்றாகப் படித்த மாணவிதான் இங்கே தடுமாறுவாள். படிக்காதவனுக்கு இரண்டும் வெறும் எண்கள், ஏதோ ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு நகர்ந்துவிடுவான். ஒரு வினாவில் நல்ல மாணவர்கள் அதிகமாகத் தவறு செய்தால் முதலில் வினாவைச் சந்தேகியுங்கள், மாணவர்களைத் திட்டாதீர்கள். சரியான விடையை மட்டும் நீளமாக எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். பிள்ளைகள் அளவுகோல் வைக்காமலே அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். அச்சுக்குக் கொடுக்கும் முன் படிவத்தைப் பத்துப் பேரிடம் நீங்களே நேரில் கேட்டுப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களிடம் அல்ல, பதில் சொல்லப் போகிறவர்களிடம். பதிலை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். "நான் கேட்டது உங்களுக்கு என்னவாகப் புரிந்தது?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் சுருங்குகிறது, எந்த இடத்தில் உங்களிடம் திருப்பிக் கேட்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலை. பஸ் கட்டணமும் டீச் செலவும்தான் ஆகும். ஒரு பெட்டி படிவத்தைக் குப்பையில் போடுவதைவிட மலிவு.

ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டவர்கள், கோணலான கேள்வியின் பதிலை அட்டவணையில் சேர்க்காதீர்கள். "இந்தக் கேள்வியின் பதில்கள் பயன்படா" என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் தவறு.

அந்தத் தொண்டு நிறுவனத்தார் பன்னிரண்டாவது கேள்வியை இரண்டாகப் பிரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாலைக் கேள்வியோடு "கடைசியாக நோயாளியை எப்படிக் கீழே கொண்டுவந்தீர்கள்?" என்பதையும் சேர்த்திருக்கிறோம். நவம்பரில் காபிப் பழப் பறிப்பு தொடங்கிவிட்டால் பகலில் வீடுகளில் ஆள் இருக்காது. அதற்குள் மலையேற வேண்டும்.