காலிங் கன்வென்ஷன்: அழைப்பு மரபு

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் துண்டு, இன்னொன்றை அழைக்கும்போது, வேண்டிய மதிப்புகளை எங்கே வைப்பது, விடையை எங்கே எடுப்பது, முடிந்தபின் இடத்தை யார் துப்புரவாக்குவது என்ற உடன்பாடுதான் காலிங் கன்வென்ஷன். தமிழில் இதை ‘அழைப்பு விதி’ என்று சொன்னால் பிசகும். விதியை மீறினால் தடுக்க ஒருவர் வேண்டும். இங்கே பிராசஸர் எதையும் தடுக்காது.

பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்கு மாடி எடுக்கிறார்கள். கொத்தனார் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சித்தாள் சாரப் பலகையில் வைக்கும் செங்கல்லைக் கைநீட்டி எடுத்துக்கொள்கிறார். நேற்று அந்த அக்கா, “அண்ணாச்சி, இனிமே கையிலயே தாரேன்” என்றார். வேலை விறுவிறுவென்று போனது. சொல்லாமல் மாற்றியிருந்தால்? அவர் கை பலகைக்குத்தான் போயிருக்கும். அங்கே கிடந்த உடைசலை எடுத்துச் சுவரில் வைத்திருப்பார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், அதன் 32 பிட் வடிவத்தில், நடந்ததும் இதுதான். முதலில் மதிப்புகள் ஸ்டாக்கில், அதாவது நினைவகப் பலகையில் போயின. அப்புறம் முதல் மூன்றையும் இஏஎக்ஸ், இடிஎக்ஸ், இசிஎக்ஸ் ரெஜிஸ்டர்களில், அதாவது பிராசஸரின் கையிலேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களில், நேரே கொடுத்தார்கள். புரோகிராம் கோட் சுருங்கியது, வேகம் கூடியது. ஆனால் பிராசஸர் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் கையால் எழுதிய பகுதிகள் ஸ்டாக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தன. அவை அழைக்கும் ஃபங்ஷன்களுக்கு ‘ஏஎஸ்எம்லிங்கேஜ்’ என்று தனி அடையாளம் போட வேண்டியிருந்தது. அது விட்டுப்போனால் ஃபங்ஷன் ரெஜிஸ்டரில் கிடக்கும் குப்பையை எடுத்துக்கொண்டு ஓடும்.

‘கன்வென்ஷன்’ என்பதன் லத்தீன் வேர் ‘கூடி வருதல்’. தமிழில் அதற்கு மரபுதான் பொருந்துகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் எதில் தொடங்குகிறது தெரியுமா? பார்ப்பு, பறழ், குட்டி, கன்று, பிள்ளை என்று இளமைப் பெயர்களில்! எதன் குட்டியை எப்படி அழைப்பது என்ற உடன்பாடு அது. எங்கள் ஊரில் இன்றும் அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். ‘கீரிக்கன்று’ என்றால் யாரும் தண்டிக்க மாட்டார்கள், கேட்பவருக்குத்தான் விளங்காது. ‘முறை’ என்ற சொல்லும் தவறில்லை. ஆனால் முறை ஒருவருக்கே இருக்கலாம், மரபுக்கு இரண்டு பேராவது வேண்டும்.

மரபு என்றால் மாறாதது என்று சிலர் தயங்கலாம். 2018இல் லினக்ஸ் 4.17 வந்தபோது, 64 பிட் கெர்னலுக்குள் சிஸ்டம் கால்களின், அதாவது புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளின், மரபு மாறியது. அதுவரை ஒரு சிஸ்டம் காலுக்கு இரண்டே மதிப்பு போதும் என்றாலும் ஆறு ரெஜிஸ்டர்களும் உள்ளே போயின. வெளியாள் வைத்த வேண்டாத மதிப்பும் கூடவே நுழைந்தது. பிராசஸர்களில் ஸ்பெக்டர் போன்ற பாதுகாப்பு ஓட்டைகள் தெரிந்தபின் அது ஆபத்தாகப் பட்டது. சரி, ரெஜிஸ்டர்கள் சேமித்திருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் கொடுப்போம், வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினார்கள். கெர்னல் வாசலுக்கு வெளியே பழைய மரபு அப்படியே நின்றது. பயனர் புரோகிராம் ஒன்றையும் இதற்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கவில்லை.